ஆலன் டூரிங்: பகுதிக்கு ஒரு வாக்குறுதி கேட்டவர்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் சங்கத்து நண்பர்களுள் கோவைப் பக்கத்தார் போத்தனூர்ச் சந்திப்பை நன்கு அறிவர். இரயில் பாதைகள் கூடிப் பிரியும் அவ்வூரில் 1881ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தில், பெண் குழந்தை ஒன்று பிறந்தது. ஈத்தல் சாரா ஸ்டோனி என்று அதற்குப் பெயரிட்டனர். தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி சென்னை இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர்; துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் கட்டியவர். அந்தப் பெண் வளர்ந்து மணம் புரிந்து பெற்றெடுத்த இரண்டாம் மகனே ஆலன் மாத்திசன் டூரிங். கணிப்பொறி இயலின் தந்தை என்று இன்று உலகம் போற்றும் பெருமகனார் அவரே.

டூரிங்கின் புகழுக்குக் காரணங்கள் பல. போர்க்காலத்தில் அவர் உடைத்த இரகசியக் குறிமுறைகளைப் பலர் அறிவர். இயந்திரம் சிந்திக்குமா என்று அவர் எழுப்பிய கேள்வியையும் பலர் அறிவர். ஆனால் 1949ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய சிற்றுரை ஒன்றைச் சிலரே அறிவர். அச்சில் மூன்றே பக்கம் கொண்ட அவ்வுரையில், பல கூறுகளாலான ஒரு பெரிய அமைப்பை எவ்வாறு நம்புவது என்ற கேள்விக்கு அவர் விடை தந்தார். ஒவ்வொரு கூறும் எதை எதிர்பார்க்கிறது, எதற்கு உறுதி தருகிறது என்று எழுதி வாங்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார். பின்பு இணைப்புகளைப் பார் என்பதே அவ்விடையின் சாரம். இன்று வானூர்தியும் இரயிலும் இயக்கும் நிரல்களைச் சரிபார்க்கும் துறையில் அதற்கு 'ஒப்பந்தம்' என்று பெயர். அந்த எண்ணம் அவருக்குத் தோன்றிய வழியையும், அவர் மறைந்த பின் அது அடைந்த நிலையையும் அவர் வாழ்க்கை வழியாகவே காண்போம்.

இளமை

தந்தை ஜூலியஸ் டூரிங் இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றினார். சாராவை அவர் 1907இல் டப்ளின் நகரில் மணந்தார். மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில், ஸ்டோனி குடும்பத்தாரின் இல்லத்தில் பிறந்தான். தந்தை அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம் மாவட்டத்துச் சத்ரபூரில் இருந்தபோது தாய் மீண்டும் கருவுற்றார். மகப்பேற்றுக்கு இங்கிலாந்து சென்றார். 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் ஆலன் பிறந்தார்.

பெற்றோரின் வாழ்வு இந்தியாவில். பிள்ளைகளின் வளர்ப்பு இங்கிலாந்தில். அக்காலத்து ஆங்கில அதிகாரிகளின் குடும்பங்களில் இது வழக்கமே. ஆலனும் அவர் அண்ணனும் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஒருவரின் வீட்டில் விடப்பட்டனர். தாய் வருவதும் போவதுமாக இருந்தார். தாயை ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த பிள்ளை தனிமையில் பழகியதில் வியப்பில்லை. எதையும் பிறர் சொல்லக் கேட்பதைவிடத் தானே முதலிலிருந்து கண்டறிவதில் அவருக்கு விருப்பம் மிகுதி.

1926இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேர வேண்டிய முதல் நாளன்று நாடெங்கும் பொது வேலைநிறுத்தம். இரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவர் சுமார் 60 மைல் தொலைவைச் சைக்கிளிலேயே கடந்து, இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கிப் பள்ளி சேர்ந்தார். உள்ளூர்ச் செய்தித்தாள் அதை வெளியிட்டது. எனினும் பள்ளியில் அவர் ஆசிரியர்களின் செல்லப்பிள்ளை ஆகவில்லை. கையெழுத்து மோசம், இலக்கியப் பாடங்களில் நாட்டமில்லை, கணக்கில் மட்டும் யாரும் காட்டாத வழியில் விடை கண்டார்.

அப்பள்ளியில்தான் கிறிஸ்டோபர் மார்கம் என்ற மாணவரின் நட்பு அவருக்குக் கிட்டியது. விண்மீன்களையும் வேதியியலையும் பற்றி அவ்விருவரும் ஓயாது பேசினர். 1930ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்கம் காசநோயால் திடீரென மறைந்தார். அந்த இழப்பு டூரிங்கை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. நண்பன் செய்ய நினைத்த பணிகளையும் தாமே செய்ய வேண்டும் என்ற உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

செய்யமுடியாததைக் காட்டிய அறிவு

1931இல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935இல், 22 வயதிலேயே, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். அவ்வாண்டில் மாக்ஸ் நியூமன் என்னும் பேராசிரியரின் வகுப்பில் ஒரு கேள்வி அவர் காதில் விழுந்தது. செர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி அது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிறுவ முடியுமா முடியாதா என்று இயந்திரம்போல் தீர்மானிக்கும் ஒரு பொதுமுறை உண்டா?

இயந்திரம்போல் என்றால் என்ன? அறிஞர் பலரும் அச்சொல்லைக் கடந்து சென்றனர். டூரிங் அதிலேயே நின்றார். முடிவில்லாத ஒரு நாடாவை எண்ணிப் பாருங்கள். அது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு தலை, ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கும், அழிக்கும், எழுதும், இடமோ வலமோ நகரும். இவ்வளவே இயந்திரம். மனிதன் தாளில் எழுதுகோல் கொண்டு செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் இவ்வெளிய இயந்திரம் செய்யும் என்று அவர் வாதிட்டார். அதுமட்டுமன்று, வேறோர் இயந்திரத்தின் விவரத்தையே நாடாவில் எழுதிக் கொடுத்தால், அவ்வியந்திரம் செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டும் ஒரு பொது இயந்திரத்தையும் அமைத்துக் காட்டினார். நம் மேசைமீதுள்ள கணிப்பொறியின் கருத்துவடிவம் அதுவே.

அதே கட்டுரையில், 1936இல், அவர் மற்றொன்றையும் நிறுவினார். ஓர் இயந்திரத்தின் விவரத்தைக் கொடுத்தால், அது ஒரு குறிப்பிட்ட குறியை என்றேனும் அச்சிடுமா என்று எப்போதும் சரியாகச் சொல்லவல்ல இயந்திரம் இருக்க முடியாது. ஆகவே ஹில்பர்ட்டின் கேள்விக்கு இல்லை என்பதே விடை. அமெரிக்காவில் அலான்சோ சர்ச் என்பாரும் அதே முடிவை வேறு வழியில் அப்போதே எட்டியிருந்தார்.

இம்முடிவு நம் பொருளுக்கு அடித்தளம் ஆகும். எந்த நிரலைக் கொடுத்தாலும் இது சரி, இது தவறு என்று தானே தீர்ப்புச் சொல்லும் இயந்திரத்தை எவராலும் செய்யமுடியாது. அப்படியாயின் நிரல்களைச் சரிபார்ப்பதே வீண் வேலையா? அன்று. எல்லாவற்றுக்கும் ஒரே முறை இல்லை என்பதனால் எதற்குமே முறை இல்லை என்றாகிவிடாது. நிரலை எழுதியவனே தன் எண்ணத்தைச் சொல்லி உதவினால் சரிபார்ப்பவன் வேலை எளிதாகும். இவ்வுண்மையைப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவரே எடுத்துக் காட்டினார்.

இடையே 1936 முதல் 1938 வரை அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் சர்ச்சிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். முடிவிலியைக் கடந்து எண்ணும் வரிசையெண்களை வைத்துத் தருக்க முறைமைகளை அடுக்கடுக்காக வலுப்படுத்துவது அவ்வாய்வின் பொருள். இதுவும் பின்னர் அவர் கைக்கு உதவியது.

போரும் இரகசியமும்

1939 செப்டம்பரில் போர் மூண்ட மறுநாளே டூரிங் பிளெச்லி பூங்கா என்னும் இரகசிய நிலையத்தில் சேர்ந்தார். செர்மானியர் எனிக்மா என்ற இயந்திரத்தால் செய்திகளை மறைத்து அனுப்பினர். அதைப் போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் 1932 முதலே உடைத்து வந்தனர். போருக்குச் சற்று முன் தம் அறிவு முழுவதையும் பிரிட்டனுக்குக் கொடுத்துதவினர். அவ்வடிப்படைமீது டூரிங் 'பாம்ப்' என்னும் புதிய இயந்திரத்தை அமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதை மேலும் வலுவாக்கினார்.

அவ்வியந்திரம் வேலை செய்த முறை கருதத்தக்கது. செய்தியில் இன்ன சொல் இருக்கும் என்று முதலில் ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் மெய்யானால் என்னென்ன பின்தொடரும் என்று மின்சாரமே கணநேரத்தில் ஓடிப் பார்க்கும். முரண்பாடு தோன்றினால் அந்த அமைப்பைத் தள்ளிவிடும்; தோன்றாவிடில் நின்று காட்டும். ஒன்றை எடுத்துக்கொண்டால் எது விளையும் என்று நோக்கும் தருக்கம் இங்கே இரும்பும் கம்பியுமாக உருவெடுத்தது. அட்லாண்டிக் கடலில் கப்பல்களை மூழ்கடித்துவந்த நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிக்கும் எட்டாம் குடிலுக்கு டூரிங் தலைவராக இருந்தார்.

அப்பணியைப் பற்றி வெளியே ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று அங்குப் பணியாற்றிய ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தனர். டூரிங்கும் வாக்களித்தார், இறக்கும்வரை காத்தார். 1970களில்தான் அந்த இரகசியம் வெளிவந்தது.

துணை நிரல்கள்

போர் முடிந்தது. 1945 அக்டோபரில் டூரிங் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏஸ் என்னும் கணிப்பொறியின் முழுத் திட்டத்தையும் சில திங்களில் எழுதி முடித்தார். கம்பியும் வெற்றிடக் குழலும் எங்கே அமையவேண்டும் என்பதோடு, அதற்கு ஆணைகளை எவ்வாறு எழுதவேண்டும் என்பதும் அத்திட்டத்தில் இருந்தது.

பெரிய கணக்கு ஒன்றை ஒரே நீண்ட ஆணைத்தொடராக எழுதுவது மடமை. வர்க்கமூலம் காண ஒரு தொடர், வகுத்தலுக்கு ஒரு தொடர் என்று சிறுசிறு துணை நிரல்களை எழுதிச் சேமித்தால், வேண்டும்போது எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம். துணை நிரலுக்குள் புகும்போது, திரும்பவேண்டிய இடத்தின் குறிப்பை நினைவகத்தில் புதைத்து வைக்கவேண்டும். முடிந்ததும் தோண்டி எடுக்கவேண்டும். புதைத்தல், தோண்டுதல் என்ற பெயர்களையே அவர் அச்செயல்களுக்கு வைத்தார்.

இங்கே ஒரு பொறியியல் உண்மை தலைகாட்டுகிறது. பாலம் கட்டுவோர் முழுப் பாலத்தையும் ஒரே பொருளாகச் சோதிப்பதில்லை. இவ்விட்டம் இவ்வளவு பாரம் தாங்கும். இத்தூண் இவ்வளவு தாங்கும் என்று உறுப்பு உறுப்பாகக் கணக்கிட்டே முழுமையை நம்புகின்றனர். நிரலுக்கும் அத்தகைய கணக்கு உண்டா? துணை நிரல் எவ்வளவு 'தாங்கும்' என்று எப்படிச் சொல்வது?

ஏஸ் கட்டும் வேலை இழுபறியில் நின்றது. மனம் சலித்த டூரிங் ஓராண்டு கேம்பிரிட்ஜில் தங்கிவிட்டு, 1948இல் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகம் சென்றார். அவர் வருமுன்னரே, அவ்வாண்டு ஜூன் 21ஆம் நாள், நினைவகத்தில் சேமித்த நிரலை ஓட்டிய முதல் மின்னணுக் கணிப்பொறி அங்கே உயிர்பெற்றிருந்தது. அடுத்த ஆண்டு மே திங்களில் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் அமைத்த எட்சாக் கணிப்பொறியும் ஓடத் தொடங்கியது. இயந்திரம் வந்துவிட்டது, கூடவே பிழையும் வந்தது. தம் நிரல்களில் பிழை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதி கழியப்போகிறது என்று வில்க்ஸ் உணர்ந்தது அந்நாள்களில்தான்.

மூன்று பக்க உரை

எட்சாக் தொடக்கவிழாவை ஒட்டி கேம்பிரிட்ஜில் ஒரு மாநாடு கூடிற்று. அங்கே 1949 ஜூன் 24ஆம் நாள் டூரிங் பேசினார். பெரிய நிரல் ஒன்றைச் சரிபார்ப்பது எவ்வாறு என்பதே பொருள். தொடக்கப் பள்ளிக் கூட்டல் கணக்கு ஒன்றைக் கொண்டு அவர் விளக்கத் தொடங்கினார். அதே வகைக் கணக்கு ஒன்றை நாமும் போட்டுப் பார்ப்போம்.

478, 356, 289, 467 ஆகிய நான்கையும் கூட்டினால் 1590. விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் சரிபார்ப்பவர் முதலிலிருந்து முழுக்கணக்கையும் போட்டாக வேண்டும். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் மேலே கொண்டுபோன எண்ணையும் எழுதிவைத்தால்? ஒன்றாம் இடத்தில் 8, 6, 9, 7 சேர்ந்து 30; ஆகவே 0 எழுதி 3 கொண்டுபோக வேண்டும். பத்தாம் இடத்தைப் பார்ப்பவர் அந்த 3 எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 3 வந்தது என்று வைத்துக்கொண்டு, 7, 5, 8, 6 ஆகியவற்றோடு சேர்த்தால் 29. ஆகவே 9 எழுதி 2 கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் உறுதி செய்தால் போதும். நூறாம் இடத்தார் அந்த 2ஐ எடுத்துக்கொண்டு 4, 3, 2, 4 கூட்டி 15 என்பார். மூவரும் மூன்று ஊர்களில் இருக்கலாம். ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். கடைசியில், ஒருவர் கொடுத்ததும் மற்றவர் எதிர்பார்த்ததும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்தால் கணக்கு முழுவதும் சரி.

கொண்டுபோகும் எண்ணே இங்கு இருவருக்கிடையே உள்ள ஒப்பந்தம். எனக்கு இது வந்தால் நான் இதைத் தருவேன் என்பது அதன் வடிவம்.

நிரலுக்கும் இவ்வாறே செய்யலாம் என்றார் டூரிங். எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் தொடர்பெருக்கத்தைப் பெருக்கலே இன்றி, திரும்பத் திரும்பக் கூட்டுவதால் காணும் ஒரு நிரலை எடுத்துக்கொண்டார். அதன் ஓட்டப்படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் நினைவகத்தின் எந்த இடத்தில் எந்த மதிப்பு இருக்கும் என்ற உறுதிக்கூற்றுகளை எழுதினார். சரிபார்ப்பவர் ஒரு கட்டத்தை எடுத்து, நுழையும்போது முன்கூற்று மெய்யாயின் வெளியேறும்போது பின்கூற்று மெய்யாகுமா என்று மட்டும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டமும் தேறினால் நிரல் முழுவதும் தேறும்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சும். நிரல் சுழன்றுகொண்டே இருந்து முடிவுக்கே வராவிட்டால்? அதற்கும் வழி சொன்னார். ஒவ்வோர் அடியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவை நிரலாசிரியர் காட்டவேண்டும். பூச்சியத்துக்குக் கீழே செல்ல இயலாத முழு எண் எவ்வளவு பெரிதாயினும் முடிவின்றிக் குறைந்துகொண்டே போக முடியாதன்றோ? பிரின்ஸ்டனில் பயின்ற வரிசையெண்கள் இங்கே அவருக்குக் கைகொடுத்தன. 1936இல் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக முடியாது என்று நிறுவியவர், 1949இல் ஒரு குறிப்பிட்ட நிரலுக்கு, அதை எழுதியவர் துணையோடு முடியும் என்று காட்டினார். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பன அல்ல. முன்னது தெரிந்ததனால்தான் பின்னதன் தேவையும் தெரிந்தது.

அவ்வுரை மாநாட்டு அறிக்கையில் அச்சுப் பிழைகள் மலிய வெளிவந்தது. அதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. டூரிங்கும் வேறு பணிகளில் ஆழ்ந்தார்.

இறுதி ஆண்டுகள்

1950இல் இயந்திரமும் அறிவும் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. 1951இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1952இல் உயிர்களின் உடலில் புள்ளியும் கோடும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்குக் கணித விளக்கம் தந்தார். அறிவு உச்சத்தில் நின்ற அதே ஆண்டில் அவர் வாழ்வில் இடி விழுந்தது.

ஓர் ஆடவரோடு கொண்ட உறவுக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அந்நாளைய ஆங்கிலச் சட்டம் அதைக் குற்றமாகக் கருதியது. டூரிங் உண்மையை மறைக்கவில்லை. சிறைக்கு மாறாக, உடலை மாற்றும் இயக்குநீர் மருந்தை ஓராண்டு ஏற்கவேண்டும் என்ற தண்டனைக்கு உட்பட்டார். அரசின் இரகசியப் பணிக்கான தகுதியையும் இழந்தார். போரில் தாம் ஆற்றிய தொண்டை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ள அவர் முயலவில்லை. நாட்டுக்குக் கொடுத்த வாக்கை அவர் காத்தார்; நாடு அவரைக் காக்கவில்லை.

1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், தம் 42ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருக்க, சயனைடு நஞ்சால் டூரிங் உயிர் நீத்தார். விசாரணை அதைத் தற்கொலை என்றது. வேதியியற் சோதனையின்போது நேர்ந்த விபத்து என்றே தாய் கடைசிவரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அத்தாய், மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி 1959இல் வெளியிட்டார். மகனின் போர்க்காலப் பணியை விரித்துரைக்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை.

2009இல் பிரிட்டன் பிரதமர் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பு வந்தது. 2021 முதல் 50 பவுன் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது. காலம் கடந்து வந்த நீதி இறந்தவருக்குப் பயன்படாது. ஆயினும் அதே சட்டத்தால் தண்டிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரின் பெயர்களும் 2017இல் களங்கம் நீங்கின.

விதை முளைத்தது

அம்மூன்று பக்கங்கள் கவனிப்பாரின்றிக் கிடந்த காலத்தில், 1967இல் இராபர்ட் ஃபிளாய்டும் 1969இல் டோனி ஹோரும் அதே எண்ணத்தை விரிவான முறையாக வளர்த்தனர். முன்நிபந்தனை, பின்நிபந்தனை என்ற சொற்கள் வழக்குக்கு வந்தன. 1980களில் பெர்ட்ராண்ட் மேயர், நிரலின் கூறுகளுக்கிடையே உள்ள இத்தகைய உடன்பாட்டுக்கு ஒப்பந்தம் என்றே பெயரிட்டு, ஐஃபெல் என்னும் நிரல்மொழியில் அதற்கு இடமளித்தார். டூரிங்கின் உரையையோ 1984இல்தான் மாரிஸ், ஜோன்ஸ் என்ற இரு அறிஞர் பிழைதிருத்தி மறுபடி வெளியிட்டனர்.

பிரித்துச் சரிபார்ப்பதன் பயனை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு கூறு 1,000 நிலைகளில் இருக்கக்கூடும் என்று கொள்வோம். அத்தகைய மூன்று கூறுகள் ஒருங்கே இயங்கினால், மொத்த நிலைகள் 100 கோடி வரை பெருகும். ஒப்பந்தங்களை வைத்துத் தனித்தனியே பார்த்தால் மூவாயிரம் நிலைகளும், ஒப்பந்தங்கள் பொருந்துகின்றனவா என்ற சோதனையுமே போதும்.

ஆனால் ஒரே நேரத்தில் இயங்கும் கூறுகளில் ஒரு சிக்கல் உண்டு. நீ ஒழுங்காக இருந்தால் நான் ஒழுங்காக இருப்பேன் என்று இருவரும் ஒருவரை ஒருவர் சாட்டினால் அது வட்ட வாதம். யாருமே ஒழுங்காக இல்லாவிட்டாலும் அந்த வாக்குப் பொய்யாகாது. 1981ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிஸ்ராவும் சாண்டியும் ஒருபுறமும், மேலே கூறிய ஜோன்ஸ் மறுபுறமும் இத்தகைய கூறுகளுக்கு உரிய முறைகளை வகுத்தனர். வட்டத்தை அறுக்கும் உபாயம் இது: இந்தக் கணம் வரை நீ தவறாதிருந்தால் அடுத்த கணம் வரை நான் தவறமாட்டேன் என்று ஒவ்வொருவரும் வாக்களிக்க வேண்டும். தொடக்கத்தில் இருவரும் ஒழுங்காக இருந்தால், முதலில் தவறுபவர் யார்? எவரும் இல்லை. ஒவ்வொரு கணமும் அடுத்த கணத்துக்குக் காவல்.

ஒப்பந்தம் எழுதாததன் விலையை உலகம் 1996 ஜூன் 4ஆம் நாள் கண்டது. அன்று ஐரோப்பியரின் ஏரியேன் 5 ஏவூர்தி முதன்முறையாகப் புறப்பட்டுச் சுமார் 40 நொடியில் திசைமாறிச் சிதறியது. நான்கு அறிவியல் துணைக்கோள்கள் அழிந்தன. காரணம், ஏரியேன் 4இலிருந்து அப்படியே எடுத்துப் பூட்டிய ஒரு நிரற்கூறு. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் இடத்துக்குள் அடக்கியது. 32,767க்கு மேற்பட்ட எண்ணுக்கு அங்கு இடமில்லை. பழைய ஏவூர்தியின் பாதையில் அவ்வெண் அந்த எல்லையைத் தாண்டாது. புதியது வேகமானது, தாண்டிவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல். ஆகவே அதுவும் அவ்வாறே நின்றது. கூறு பழைய இடத்தில் பழுதற்றதே. ஆனால் தான் எதை எதிர்பார்க்கிறது என்ற ஒரு வரியை அது புதிய இடத்தாருக்குச் சொல்லவில்லை. பத்தாம் இடத்தார் 3 வரும் என்று எண்ணியிருக்க, வேறோர் எண் வந்து நின்ற கதைதான் இது.

எழுதி வைத்ததன் பயனுக்கும் சான்று உண்டு. 1998இல் பாரிஸ் நகரில் திறக்கப்பட்ட 14ஆம் எண் மெட்ரோ வழித்தடத்தில் ஓட்டுநரே இல்லை. அதன் பாதுகாப்புக்கு இன்றியமையாத நிரல்கள், ஒவ்வொரு கூறுக்கும் நிபந்தனைகளை எழுதிக் கணித முறையில் நிறுவியே அமைக்கப்பட்டன. ஓட்டுநர் இல்லாத வண்டியில் பயணிகள் அச்சமின்றி ஏறி அமர்கின்றனர்.

நண்பர்களே, இவை பொறியியல் பயில்வோருக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. இனி நாம் செய்யப்போகும் பணிகளில் முழுமையும் ஒருவர் கையில் இருப்பது அரிது. ஒருவர் எழுதிய கூறை நூறு பேர் தம் வேலையில் பூட்டுவர். அதை எழுதியவர் அப்போது அருகில் இருக்கமாட்டார். உலகிலேயே இல்லாமலும் போகலாம். அன்று அவருக்காகப் பேசவல்லது, எனக்கு இது வேண்டும், நான் இதைத் தருவேன் என்று அவர் எழுதிவைத்த வரியே. அவ்வரியை எழுதச் சற்றுக் கூடுதல் நேரமும், தன் அனுமானங்களைத் தானே தேடிக் காணும் நேர்மையும் வேண்டும். டூரிங் கேட்டது அவ்வளவே. கணிப்பொறிகள் உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே இருந்த காலத்தில் அவர் அதைக் கேட்டார். அவை எண்ணில் அடங்காதவை ஆகிவிட்ட இக்காலத்தில், அக்கேள்விக்கு விடை சொல்லவேண்டிய பொறுப்பு நம்முடையது.